உறைதலும் ஒழுகுதலும்

என்னிடம் பயின்ற ஒருவர் சிவகாசியில் நாட்காட்டி அச்சிடும் அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறார். வயது ஐம்பத்திரண்டு. மாரடைப்புக்குப் பின் மதுரையில் அவருடைய இதயத் தமனிக்குள் ஸ்டென்ட் என்னும் நுண்ணிய உலோக வலைக்குழாயைப் பொருத்தினார்கள். இரண்டு மாத்திரைகளை நாள்தோறும் தவறாது உண்ணுமாறு பணித்து அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் ஒரு காலை, பல் துலக்கும்போது ஈறிலிருந்து குருதி கசிந்தது. "இரத்தம் தண்ணீராகிவிட்டது" என்று யாரோ அச்சுறுத்த, எவரையும் கேளாமல் இரண்டையும் நிறுத்திவிட்டார். ஒன்பதாம் நாள் மீண்டும் மார்பு வலி. ஸ்டென்டுக்குள் குருதி உறைந்திருந்தது. உயிர் பிழைத்தது அவருடைய நற்பேறு.

நலம் விசாரிக்கச் சென்ற என்னை அவர் கேட்டார்: "ஐயா, இரத்தத்தைக் கண்டு அஞ்சியது தவறா?" தவறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அச்சம் நியாயமானதே. அதை அளந்து பார்க்காததுதான் பிழை.

நம் குருதியில் தட்டணுக்கள் என்னும் மிகச் சிறிய அணுக்கள் மிதக்கின்றன. குழாயில் கீறல் கண்ட இடத்தில் ஒட்டி, ஒன்றையொன்று பற்றி, துளையை அடைப்பதே அவற்றின் தொழில். புதிதாகப் பொருத்திய உலோகத்தையும் அவை காயமென்றே கொள்கின்றன. தமனியின் உட்படலம் வளர்ந்து அவ்வுலோகத்தைப் போர்த்தும் வரையில் அவற்றை அடக்கி வைத்தல் வேண்டும். ஆஸ்பிரின் ஒரு வழியில் அடக்குகிறது. குளோபிடோக்ரல் வேறொரு வழியில் அடக்குகிறது. இவை தீண்டிய தட்டணு தன் ஆயுள் முழுதும் பழைய ஆற்றலைப் பெறுவதில்லை. அதன் ஆயுளோ ஏறத்தாழப் பத்து நாள். மருந்தை நிறுத்தினால் நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்காகப் புதிய தட்டணுக்கள் வந்து நிரம்பும். என் மாணவர் ஒன்பதாம் நாள் வீழ்ந்ததன் கணக்கு இதில் அடங்கியிருக்கிறது.

1986-இல் பிரான்சின் துலூஸ் நகரில் ழாக் புயேல் என்னும் மருத்துவர் மனித இதயத் தமனியில் முதன்முதலாக ஸ்டென்டைப் பொருத்தினார். அதே பத்தாண்டில் சென்னையில் மாத்யூ சாமுவேல் களரிக்கல், தமனியைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தார். பிறகு 1998-இல் அமெரிக்காவில் 1,653 பேரைக் கொண்ட ஆய்வொன்று வெளியாயிற்று. முதல் 30 நாட்களுக்குள் மரணம், மாரடைப்பு, மீண்டும் அடைப்பு போன்ற இடர்கள், ஆஸ்பிரின் மட்டும் உண்டவருள் நூற்றுக்கு 3.6 பேருக்கு நேர்ந்தன. அத்துடன் குளோபிடோக்ரலுக்கு முன்னோடியான டிக்ளோபிடினையும் உண்டவருள் 0.5 பேருக்கே நேர்ந்தன. ஆனால் குருதிப்போக்கு 1.8-இலிருந்து 5.5 ஆக உயர்ந்தது. ஒரு தட்டு இறங்க மறு தட்டு ஏறியது.

அப்படியாயின் யாருக்குக் குருதி ஒழுகும், யாருக்கு ஒழுகாது என்று முன்கூட்டியே சொல்ல இயலுமா? எட்டு ஆய்வுகளில் இடம்பெற்ற 14,963 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு, 2017-இல் பிரிசைஸ்-டாப்ட் என்னும் மதிப்பெண் முறையை வகுத்தனர். அதில் ஐந்தே வினாக்கள். வயது என்ன? சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது? ஹீமோகுளோபின் எவ்வளவு? வெள்ளணுக்கள் எத்தனை? முன்பு தானாகவே குருதிப்போக்கு நேர்ந்ததுண்டா? சிறுநீரகம் தளர்ந்தால் தட்டணுக்களின் ஒட்டும் ஆற்றலும் குன்றும். ஹீமோகுளோபின் குறைவு, குடலில் எங்கோ ஒளிந்திருக்கும் கசிவின் அறிகுறியாகலாம். மதிப்பெண் 25-ஐ எட்டினால் இடர் மிகுதி என்று கொள்வர். நான் வாழ்நாளெல்லாம் திருத்திய விடைத்தாள்களுக்கு இது நேர்மாறு. குறைந்த மதிப்பெண் பெறுபவரே இங்குப் பாக்கியசாலி! 25-க்கு மேற்பட்டவருக்கு இரட்டை மருந்தை நீட்டித்ததால் குருதிப்போக்கு பெருகிற்றேயன்றி, இதயத்துக்குப் பயன் விளையவில்லை. 2021-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இத்தகையோருள் முதல் மாதத்தை இடரின்றிக் கடந்தவர்கள், அதன்பின் ஒற்றை மருந்தோடு நின்றும் நலமாகவே இருந்தனர்.

எனினும் இம்மதிப்பெண் சோதிடமன்று. எங்கள் பகுதிப் பட்டாசு ஆலைகளில் ஓர் அறைக்குள் நால்வருக்கு மேல் வேலை செய்யலாகாது என்பது விதி. விதி வகுத்தவர்கள் எந்த அறை, எந்த நாளில் வெடிக்கும் என்று அறிந்தவரல்லர். எத்தகைய அறையில் ஆபத்து மிகும் என்பதையே அறிந்தவர். மருத்துவர் நிலையும் அதுவே.

இங்கு நம் மண்ணுக்குரிய ஒன்றைச் சொல்லவேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. தரையில் அமர்ந்து நாள் முழுதும் திரி செருகும் பெண்களோ இடுப்பு வலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். ஆஸ்பிரினோடு அம்மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பையில் புண்ணும் கசிவும் எளிதில் தோன்றும். பிரிசைஸ்-டாப்டின் ஐந்து வினாக்களில் வலி மாத்திரை இல்லை. கேட்கப்படாததால் சொல்லாதிருந்துவிடக் கூடாது. நோயாளியின் வீட்டார்தாம் அதை மருத்துவரிடம் கூறவேண்டும்.

என் மாணவருக்கு மருத்துவர் கணக்கிட்டபோது, மதிப்பெண் 25-க்கு வெகு கீழே இருந்தது. ஈறின் கசிவு சிறு தொல்லையே. அவர் ஓராண்டு முழுதும் இரு மருந்தையும் உண்ணத் தக்கவர். இப்போது ஸ்டென்ட் பொருத்திய தேதியையும் மருந்துகளின் பெயரையும் எழுதிய சீட்டு அவர் சட்டைப் பையில் எந்நேரமும் இருக்கிறது. சென்ற மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க நேர்ந்தது. பல் மருத்துவர் சீட்டைப் படித்து, இதய மருத்துவரோடு தொலைபேசியில் பேசி, மாத்திரையை நிறுத்தாமலே பல்லை எடுத்தார். பஞ்சை வழக்கத்தைவிட நெடுநேரம் கடித்துக்கொண்டிருக்கச் சொன்னாராம், அவ்வளவே.