மாற்றுத்திறனாளி அட்டையும் அரசாங்க உதவியும்

குளுவாங்கில் வசிக்கும் லாரி ஓட்டுநர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு வயது நாற்பத்தைந்து. பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் செயலிழந்து, வேலைக்குச் செல்ல இயலாமல் போனது. குடும்பத்தார் அவருக்கு மாற்றுத்திறனாளி அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, உதவித்தொகைக்காகக் காத்திருந்தனர். மாதங்கள் பல கடந்தும் பணம் வரவில்லை. அட்டை கிடைத்தால் பணமும் தானாகவே வந்து சேரும் என்று அவர்கள் நம்பினர். உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்கவே இல்லை.

இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்க, அட்டைக்கும் உதவித்தொகைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

மலேசியாவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. உடல், மனம், அறிவு, புலன் ஆகியவற்றில் நீண்டகாலக் குறைபாடு இருந்து, சுற்றியுள்ள தடைகளால் பிறரைப் போல் சமுதாயத்தில் முழுமையாகப் பங்குபெற இயலாதோரை இச்சட்டம் மாற்றுத்திறனாளிகள் என்கிறது. சமூகநல இலாகா இவர்களைச் செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகைக் குறைபாடு என ஏழு பிரிவுகளில் பதிவு செய்கிறது.

ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி விதிமுறை உண்டு. கண்ணாடி அணிந்தால் நன்றாகப் பார்க்க முடிபவர் பார்வைக் குறைபாடு உள்ளவராகக் கருதப்படமாட்டார். கட்டைவிரலை இழந்தவர் உடல் பிரிவில் பதிவு பெறலாம். ஆனால், கையின் செயல்பாடு பாதிக்கப்படாமல் வேறொரு விரலை மட்டும் இழந்தவர் பெற முடியாது. மனநலப் பிரிவில் பதிவு பெற, குறைந்தது இரண்டு ஆண்டுகள் மனநலச் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். டவுன் சின்ட்ரோம், ஆட்டிசம், டிஸ்லெக்சியா போன்றவை கற்றல் பிரிவைச் சேர்ந்தவை.

பதிவு செய்ய விரும்புவோர் விண்ணப்பப் பாரத்தில் மருத்துவரின் உறுதிமொழியைப் பெற வேண்டும். பின்னர், அடையாள அட்டை நகலோடும் புகைப்படத்தோடும் அதனை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். இப்பதிவு கட்டாயமன்று. வெட்கத்தாலோ அறியாமையாலோ பதிவு செய்யாமல் இருப்போரும் உள்ளனர். அவர்கள் பல சலுகைகளை இழக்கின்றனர்.

அட்டை என்பது ஒருவரின் நிலைக்குச் சான்று. அதனைக் காட்டி அரசாங்க மருத்துவமனையில் இலவசச் சிகிச்சையும் இரயில் கட்டணக் கழிவும் பெறலாம். மாதந்தோறும் வழங்கப்படும் உதவித்தொகைக்கோ தனி விண்ணப்பம் தேவை. வயது, வருமானம், வேலை செய்யும் ஆற்றல் ஆகியவை அப்போது ஆராயப்படும்.

வேலைக்குச் சென்றால் உதவி கிடைக்காது எனச் சிலர் அஞ்சுகின்றனர். இது தவறான எண்ணம். குறைந்த வருமானத்தில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஓர் உதவித்தொகை உண்டு. 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 400 ரிங்கிட்டிலிருந்து 450 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. வேலை செய்ய இயலாதோருக்கான உதவித்தொகையும் 250 ரிங்கிட்டிலிருந்து 300 ரிங்கிட்டாக உயர்ந்தது. தொகையும் நிபந்தனைகளும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் அலுவலகத்தில் கேட்டறிவது நன்று.

சமூகநல உதவி தேவையைப் பொறுத்தது; சொக்சோ உதவியோ சந்தாவைப் பொறுத்தது. தொழிலாளியும் முதலாளியும் செலுத்திய சந்தாவிலிருந்து அது வழங்கப்படுகிறது. வேலையிடத்தில் நேரும் விபத்துக்கு மட்டுமன்றி, வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. நோயால் உழைக்கும் ஆற்றலை இழந்தவர், சந்தா நிபந்தனைகளை நிறைவு செய்திருந்தால், இயலாமை ஓய்வூதியம் கோரலாம். நாம் கண்ட லாரி ஓட்டுநர் தட்ட வேண்டிய மற்றொரு கதவு இது.

படிவங்கள் பெரும்பாலும் மலாய்மொழியில் இருப்பதால், முதியோர் சிலர் அவற்றைக் கண்டு தயங்குவர். மலாயும் தமிழும் அறிந்த மாணவர்கள் அவர்களுக்குப் படிவத்தைப் படித்து விளக்கலாம். தேவையான ஆவணங்களைச் சேர்க்கத் துணைபுரியலாம். நாம் செலவிடும் அரைமணி நேரம் ஒரு குடும்பத்தின் மாதச் சுமையைக் குறைக்க உதவும்.