கருவிழிப் புண்: முதல் நாளே கவனிக்க வேண்டிய நோய்

சேவூர் வட்டாரத்தில் நிலக்கடலை பறிப்போரும், சோளத்தட்டு அறுப்போரும், தறியில் நிற்போரும் கண்ணில் தூசி விழுவதைப் பெரிதாக எண்ணுவதில்லை. எனினும், சோளத் தோகை உரசிய சிறு கீறலே கருவிழி அழற்சிக்கு வழிவகுத்துவிடலாம்.

கண்ணின் முன்புறத்தில் பளிங்குபோல் அமைந்து, ஒளியை உள்ளே விடும் படலமே கார்னியா. அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதன் மேற்பரப்பு கீறப்பட்டால் கிருமிகள் உட்புகுந்து புண் உண்டாக்குகின்றன. பாக்டீரியா, வைரஸ் ஆகியவற்றோடு, மண்ணிலும் செடிகொடிகளிலும் வாழும் பூஞ்சைகளும் தென்னிந்தியாவில் இதற்கு முக்கியக் காரணமாகும்.

கண் சிவத்தல், வலி, நீர் வடிதல், வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவை இதன் அறிகுறிகள். பூஞ்சைப் புண் மெல்லப் பரவுவதால், தொடக்கத்தில் வலி குறைவாகவே இருக்கக்கூடும். அதனை நம்பி நாள் கடத்தலாகாது.

எவ்வாறு கண்டறிகிறோம்?

ஸ்லிட் லேம்ப் கருவியால் கண்ணை உருப்பெருக்கிப் பார்க்கிறோம். ஃபுளோரசின் சாயம் இட்டு நீல ஒளியில் நோக்கினால், புண் உள்ள இடம் பச்சையாக ஒளிரும். பின்னர் மரத்துப்போகும் சொட்டு மருந்து இட்டு, புண்ணைச் சிறிது சுரண்டி நுண்ணோக்கியில் ஆராய்கிறோம். பூஞ்சை இழைகள் இருப்பின் பெரும்பாலும் அன்றே தெரிந்துவிடும். கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவுக்குச் சில நாள்கள் ஆகும்.

சிகிச்சை

கிருமிக்கேற்ப மருந்து மாறும். பாக்டீரியாப் புண்ணுக்குத் தொடக்கத்தில் மணிக்கொரு முறை, இரவிலும்கூட, மருந்து இட நேரிடலாம். பூஞ்சைப் புண்ணுக்கு நாடாமைசின் சொட்டு மருந்து வாரக்கணக்கில் தேவைப்படும். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடைபெற்று, 2013இல் வெளியான ஆய்வு, வோரிகோனசோலைவிட நாடாமைசினே சிறந்த பயன் தருவதாகக் காட்டியது. புண் ஆறிய பின்னும் வெண்தழும்பு எஞ்சலாம். படலம் துளைபட்டாலோ மருந்துக்குக் கட்டுப்படாவிட்டாலோ கருவிழி மாற்று அறுவை தேவைப்படும்.

குடும்பத்தார் கவனத்திற்கு

கண்ணைக் கசக்க வேண்டாம். தூய நீரால் மட்டும் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதனையும் விடாதீர்கள். மருந்துக் கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பைக் குறைக்கும். ஆனால் உள்ளே பூஞ்சையை வளர்த்துவிடும். ஏற்கெனவே இட்ட மருந்துகளை மறவாமல் எடுத்து வாருங்கள். இரு மருந்துகளுக்கிடையே ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். வலி குறைந்ததென்று மருந்தை நிறுத்தாதீர்கள்.

அறுவடையின்போது அணியும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, இத்தனை துன்பத்தையும் தவிர்க்க உதவும்.