கணினிக்குள் கணினி: விஎம் இயங்கும் விதம்

மெய்நிகர் கணினி என்பது தனக்கெனத் தனி வன்பொருள் இல்லாமல், இன்னொரு கணினியின் உள்ளே மென்பொருளால் உண்டாக்கப்படும் முழுக் கணினி. அதற்கும் பிராசசர், ரேம், ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் உண்டு. அதில் நிறுவப்படும் லினக்ஸோ விண்டோஸோ தனி இயந்திரத்தில் ஓடுவதாகவே நடந்துகொள்ளும். புழக்கத்தில் எல்லோரும் அதை விஎம் என்கிறார்கள். அதைச் சுமக்கும் நிஜ இயந்திரம் ஹோஸ்ட்; உள்ளே ஓடும் இயங்குதளம் கெஸ்ட்; இரண்டுக்கும் நடுவே நின்று வன்பொருளைப் பங்கிட்டுக் கொடுப்பது ஹைப்பர்வைசர். இன்று கிளவுட் என்ற பெயரில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட விஎம்களே.

இந்த ஏற்பாடு கிளவுட்டைவிட ஏறத்தாழ 40 ஆண்டு மூத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில் 1964இல் இதற்கான வேலை தொடங்கியது. கணினியோ ஒன்றுதான், அதுவும் பெரும் விலை. அதைப் பயன்படுத்த விரும்பியவர்களோ பலர். ராபர்ட் கிரீசி தலைமையிலான குழு, அந்த ஒரு கணினியை 14 தனிக் கணினிகளாகக் காட்டும் சிபி-40 என்ற அமைப்பை எழுதியது. ஒவ்வொன்றுக்கும் 256 கேபி நினைவகம். 1967 ஜனவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதே வழியில் வந்த விஎம்/370ஐ 1972இல் ஐபிஎம் அறிவித்தது. அதன் வாரிசு இன்றும் ஐபிஎம் மெயின்ஃபிரேம்களில் ஓடுகிறது.

1974இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் இருவரும் ஹைப்பர்வைசருக்கான இலக்கணத்தை வகுத்தார்கள். நிஜக் கணினியில் ஒரு புரோகிராம் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே விஎம்மிலும் நடந்துகொள்ள வேண்டும். வன்பொருளின் பிடி எப்போதும் ஹைப்பர்வைசரிடமே இருக்க வேண்டும். கட்டளைகளில் மிகப் பெரும்பாலானவை ஹைப்பர்வைசரின் தலையீடு இன்றி நேராக பிராசசரிலேயே ஓட வேண்டும். விஎம்மின் வேகத்துக்குக் காரணம் மூன்றாவது நிபந்தனை. கூட்டல், ஒப்பிடல், நினைவகத்தில் படித்தல், எழுதுதல் போன்ற சாதாரண வேலைகளில் விஎம்முக்கும் நிஜக் கணினிக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இராது.

சிக்கல் கெஸ்ட்டின் மையப் பகுதியான கெர்னல் இடும் கட்டளைகளில் வருகிறது. இன்டரப்ட்டை (சாதனங்கள் பிராசசரை இடைமறித்து அழைப்பதை) அணைப்பது, நினைவக அட்டவணையை மாற்றுவது போன்ற அதிகாரங்களை கெஸ்ட்டிடம் விட்டால் ஹோஸ்ட்டே அதன் கைக்குள் போய்விடும். ஆகவே கெஸ்ட் கெர்னலை அதிகாரம் குறைந்த நிலையில் ஓடவிடுவார்கள். அது அதிகாரக் கட்டளை ஒன்றை இட்டதும் பிராசசர் வேலையை நிறுத்தி ஹைப்பர்வைசரை அழைக்கும். கேட்கப்பட்ட மாற்றத்தை ஹைப்பர்வைசர் அந்த விஎம்முக்குரிய கணக்கில் மட்டும் செய்துவிட்டு, கெஸ்ட்டைத் தொடரவிடும்.

இன்டெல்லின் எக்ஸ்86 பிராசசர்களில் இந்த முறை வேலை செய்யவில்லை. பாப்எஃப் என்ற கட்டளையை எடுத்துக்கொள்ளலாம். ஸ்டேக்கில் இருக்கும் மதிப்பை எடுத்து பிராசசரின் ஃபிளாக்குகளில் போடுவது அதன் வேலை. இன்டரப்ட்டை இயக்கும், அணைக்கும் ஃபிளாக்கும் அவற்றில் ஒன்று. அதிகாரம் குறைந்த நிலையில் இந்தக் கட்டளை வந்தால் பிராசசர் அந்த ஒரு ஃபிளாக்கை மட்டும் மாற்றாமல் விட்டுவிடும். யாரையும் அழைக்கவும் செய்யாது. இன்டரப்ட்டை அணைத்துவிட்டதாக நம்பி கெஸ்ட் மேலே போகும். உண்மையில் எதுவும் அணைந்திருக்காது. ஹைப்பர்வைசருக்கோ நடந்தது எதுவும் தெரியாது. இப்படிப்பட்ட 17 கட்டளைகள் பென்டியத்தில் இருப்பதை 2000இல் வெளிவந்த ஆய்வு ஒன்று பட்டியலிட்டது.

அந்த ஆய்வு வருமுன்பே இதற்கு விஎம்வேர் வழி கண்டிருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து பிறந்த அந்த நிறுவனத்தை மெண்டல் ரோசன்பிளம், டயான் கிரீன் உள்ளிட்ட ஐவர் 1998இல் தொடங்கினார்கள். கெஸ்ட் கெர்னலின் கட்டளைகளை அவை ஓடுவதற்குச் சற்று முன்பாகப் படித்து, ஆபத்தானவற்றை மட்டும் மாற்றி எழுதி ஓடவிட்டது அவர்களின் மென்பொருள். 1999இல் அது கடைக்கு வந்தது. 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஸென் வேறு வழியில் போனது: கெஸ்ட் கெர்னலையே திருத்தி, அதிகாரக் கட்டளைகளுக்குப் பதில் ஹைப்பர்வைசரை நேராக அழைக்கச் செய்தது. வேகம் நன்றாக இருந்தது. ஆனால் மூலநிரல் வெளியிடப்படாத விண்டோஸ் போன்றவற்றுக்கு அது ஒத்துவரவில்லை.

2005 இறுதியில் இன்டெல்லும், 2006இல் ஏஎம்டியும் பிராசசரிலேயே கெஸ்ட்டுக்கென்று தனி நிலையை அமைத்துக் கொடுத்த பிறகு இந்தச் சுற்றுவழிகளுக்குத் தேவை குறைந்தது. 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20இல் கேவிஎம் சேர்ந்தது. ஆவி கிவிட்டி எழுதிய கேவிஎம்மின் யோசனை மிக எளிமையானது. வேலைகளுக்கு நேரம் பங்கிடவும் நினைவகம் ஒதுக்கவும் லினக்ஸுக்கு ஏற்கெனவே தெரியும். அதையே ஹைப்பர்வைசராக்கிவிட்டால் போதும். கேவிஎம் ஹோஸ்ட்டில் ஒவ்வொரு விஎம்மும் ஒரு சாதாரண புராசஸ், அதன் மெய்நிகர் பிராசசரான ஒவ்வொரு விசிபியூவும் ஒரு திரெட். அந்தப் புராசஸை கில் செய்வது, ஓடும் கணினியின் பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம்.

நினைவகத்துக்கு இரண்டு அட்டவணைகள் வேண்டும். கெஸ்ட் தன் புரோகிராம்களின் முகவரியைத் தன் ரேம் முகவரியாக மாற்றும். அந்த ரேமே கற்பனை என்பதால், அதை நிஜ ரேம் முகவரியாக மாற்ற இன்னொரு அட்டவணையை பிராசசர் புரட்டும். நான்கு அடுக்கு அட்டவணைகள் இரண்டு சேரும்போது, மோசமான நிலையில் ஒரே ஒரு முகவரியைக் கண்டுபிடிக்க 24 முறை நினைவகத்தைத் தொட வேண்டியிருக்கும். பெரிய டேட்டாபேஸ் விஎம்களுக்கு 4 கேபி பக்கங்களுக்குப் பதில் 2 எம்பி பக்கங்களை ஒதுக்குவது இதனால்தான்.

சொந்தக் கணினியில் விஎம் ஒன்றை அமைக்க முதலில் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலேயே அது இருக்கிறதா என்று தெரிந்துவிடும். லினக்ஸில் பிராசசர் விவரங்களில் இன்டெல்லானால் விஎம்எக்ஸ், ஏஎம்டியானால் எஸ்விஎம் என்ற சொல் தென்படும். பழகுவதற்கு விர்ச்சுவல்பாக்ஸ் போதும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கேவிஎம் இன்னும் நல்லது. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் விஎம்முக்கு 4 ஜிபிக்கு மேல் கொடுத்தால் ஹோஸ்ட் திணறும், அதோடு சேர்ந்து விஎம்மும் திணறும்.

விஎம்மின் ஹார்டு டிஸ்க் என்பது ஹோஸ்ட்டில் இருக்கும் ஒரு கோப்பு. 60 ஜிபி என்று சொல்லி உருவாக்கினாலும் தொடக்கத்தில் அது சில எம்பிதான் இருக்கும். எழுத எழுத வளரும். உள்ளே கோப்புகளை அழித்தாலும் அது தானாகச் சுருங்குவதில்லை. அழித்த இடங்களை கெஸ்ட் ஹோஸ்ட்டுக்குத் தெரிவிக்கும்படி தனியாக அமைக்க வேண்டும். நெட்வொர்க்கில் நாட் முறையைத் தேர்ந்தால் விஎம் இணையத்துக்குப் போகும், வெளியிலிருந்து யாரும் அதை நேராக எட்ட முடியாது. பிரிட்ஜ் முறையில் அது ரூட்டரிடம் தனி ஐபி வாங்கிக்கொண்டு வீட்டு நெட்வொர்க்கில் இன்னொரு கணினியாகவே நிற்கும்.

டிரைவர் தேர்வில் பலர் கவனம் செலுத்துவதில்லை. நிஜ நெட்வொர்க் கார்டு ஒன்றை அப்படியே நடித்துக் காட்டும் சாதனத்தில், கெஸ்ட் அதன் ரெஜிஸ்டரைத் தொடும்போதெல்லாம் ஓட்டம் நின்று ஹைப்பர்வைசருக்குப் போய் வரும். விர்ட்டியோ என்ற முறையில் கெஸ்ட்டும் ஹோஸ்ட்டும் நினைவகத்தில் ஒரு பொது வரிசையை வைத்துக்கொண்டு, கட்டுக்கட்டாக வேலையை ஒப்படைக்கின்றன. வேகம் பலமடங்கு கூடும். லினக்ஸ் கெஸ்ட்டில் இதற்கான டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸை நிறுவும்போதோ, விர்ட்டியோ டிரைவர் உள்ள ஐஎஸ்ஓவையும் இணைத்துத் தராவிட்டால் "டிஸ்க் எதுவும் இல்லை" என்று இன்ஸ்டாலர் நின்றுவிடும். முதல்முறை நிறுவுபவர்கள் பலர் தடுமாறும் இடம் இது.

டிஸ்க் வெறும் கோப்பாக இருப்பதால்தான் ஸ்னாப்ஷாட் சாத்தியமாகிறது. ஸ்னாப்ஷாட் எடுத்ததும் பழைய கோப்பு அப்படியே பூட்டப்படும். அதன்பின் வரும் மாற்றங்கள் புதிய கோப்பு ஒன்றில் சேரும். அப்டேட் ஏதேனும் சொதப்பினால் புதிய கோப்பைத் தூக்கியெறிந்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஸ்னாப்ஷாட் மேல் ஸ்னாப்ஷாட்டாக அடுக்கிக்கொண்டே போனால், ஒரு தகவலைத் தேட அத்தனை கோப்புகளையும் புரட்ட வேண்டிவரும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஒரே டிஸ்க்கில் கிடக்கும் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

விஎம்மை ஓட்டத்திலேயே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் முடியும். விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ரேம் முழுவதும் புதிய சர்வருக்கு நகலெடுக்கப்படும். அதற்குள் மாறிவிட்ட பக்கங்கள் மறுபடியும் போகும்; மிச்சம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் ஒரு கணம் விஎம்மை நிறுத்தி, எஞ்சிய பக்கங்களையும் பிராசசரின் நிலையையும் அனுப்பி, அந்தப் பக்கம் தொடரவிடுவார்கள். ஸென் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட கட்டுரையில், ஆட்டக்காரர்கள் விளையாடிக்கொண்டிருந்த குவேக் 3 சர்வரையே இப்படி இடம் மாற்றிக் காட்டினார்கள். நின்ற நேரம் 60 மில்லிவினாடி. கணினிப் பொறியியலின் மிக நேர்த்தியான சாதனைகளில் ஒன்றாக இதைத் தயங்காமல் வைக்கலாம். சர்வரில் ரேம் மாற்ற வேண்டும் என்றால் இரவு இரண்டு மணிக்குச் சேவையை நிறுத்திய காலம் இதனால் பெருமளவு ஒழிந்தது.

ஆயிரக்கணக்கான ஹோஸ்ட்களில் இதையெல்லாம் மனிதர் தலையீடின்றிச் செய்து, வாடகைக்கும் விட்டால் அது கிளவுட். அமேசான் 2006 ஆகஸ்டில் ஈசி2வைத் தொடங்கியபோது கிடைத்தது ஒரே அளவு விஎம்தான்: சுமார் 1.7 ஜிபி ரேம், 160 ஜிபி டிஸ்க், மணிக்கு 10 அமெரிக்க சென்ட். அடியில் ஓடியது ஸென். அதே வேலையைத் தங்கள் டேட்டா சென்டரில் செய்துகொள்ள விரும்புவோருக்காக நாசாவும் ராக்ஸ்பேஸும் 2010இல் ஓப்பன்ஸ்டாக்கைத் திறந்த மூலமாக வெளியிட்டன.

விஎம் வேண்டும் என்ற கோரிக்கை வந்ததும் ஷெட்யூலர் இடமுள்ள ஹோஸ்ட் ஒன்றைத் தேர்கிறது, இயங்குதள இமேஜிலிருந்து டிஸ்க் உருவாகிறது, நெட்வொர்க் இணைகிறது. முதல்முறை பூட் ஆகும்போது கெஸ்ட்டுக்குள் இருக்கும் கிளவுட்-இனிட் என்ற புரோகிராம், பெரும்பாலான கிளவுட்களில் 169.254.169.254 என்ற முகவரியைக் கேட்டு, தன் பெயரையும் வாடிக்கையாளரின் எஸ்எஸ்எச் சாவியையும் பெற்றுக்கொள்கிறது. எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

எந்த ஊர் டேட்டா சென்டரில் வைப்பது என்பதும் முக்கியம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒவ்வொரு 1,000 கிலோமீட்டருக்கும் போய்வர 10 மில்லிவினாடி கூடும். மைக்ரோசாஃப்ட் 2015இல் சென்னை, புனே, மும்பையில் கிளவுட் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016இல் மும்பைக்கு வந்தது.

வாடகைக்கு எடுக்கும் விசிபியூ பெரும்பாலும் ஒரு முழு கோர் அல்ல, கோரின் ஒரு திரெட். மலிவான விஎம்களில் ஒரே கோரைப் பலருக்கு ஒதுக்குவதும் உண்டு. லினக்ஸில் டாப் கட்டளையை ஓட்டி, மேலே வரும் சிபியூ வரியின் கடைசியில் உள்ள எஸ்டி என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். கெஸ்ட் ஓடத் தயாராக இருந்தும் ஹோஸ்ட் அதற்குப் பிராசசர் தராமல் காக்க வைத்த நேரத்தின் விகிதம் அது. தொடர்ந்து உயர்ந்தே இருந்தால், நிரலைத் திருத்திப் பயனில்லை; விஎம்மை மாற்றுவதே வழி.

ஒரே சர்வரில் முன்பின் தெரியாதவர்களின் விஎம்கள் அடுத்தடுத்து ஓடுவதால் நடுவில் உள்ள தடுப்பு பலமாக இருந்தாக வேண்டும். 2015இல் வெனம் என்ற ஓட்டை வெளிப்பட்டது. சாதனங்களை நடித்துக் காட்டும் கியூஇஎம்யூ மென்பொருளில், ஃபிளாப்பி டிரைவுக்கான பழைய பகுதியில் அது இருந்தது. சர்வரில் யாரும் ஃபிளாப்பி பயன்படுத்துவதில்லை. ஆனாலும் அந்த நிரல் உள்ளேயே கிடந்தது, அதன் வழியாக விஎம்மை உடைத்துக்கொண்டு ஹோஸ்ட்டுக்குள் நுழைய வழி இருந்தது. 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள் பிராசசரிலேயே இருந்தன. வெனம் போன்ற ஓட்டைகளுக்கு, தேவையற்ற சாதனங்களை அகற்றிவிடுவதே நல்ல தற்காப்பு. அமேசான் 2018இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சாதனங்களோடு மட்டும் வருகிறது.

இருந்தாலும் வாடிக்கையாளரின் விஎம் களவுபோவது பெரும்பாலும் இத்தகைய நுட்பமான ஓட்டைகளால் அல்ல. எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டையோ ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389ஆம் போர்ட்டையோ உலகத்துக்கே திறந்துவைத்து, எளிய பாஸ்வேர்டும் கொடுத்தால், தானியங்கி நிரல்கள் அதைத் தேடிவர அதிக நேரம் ஆகாது. பாஸ்வேர்டு உள்நுழைவை நிறுத்திவிட்டு சாவியை மட்டும் அனுமதிப்பதும், தெரிந்த ஐபிகளுக்கு மட்டும் போர்ட்டைத் திறப்பதும் முதல் நாளே செய்ய வேண்டியவை.

வேலை ஏறி இறங்கும் இடத்தில் கிளவுட் லாபம். ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் பெரிய வேலைக்குச் சொந்த சர்வரில் கேவிஎம் பல சமயம் மலிவாக முடியும். நிறுத்திவைத்த விஎம்முக்குப் பெரும்பாலும் பிராசசர் வாடகை ஏறாது, டிஸ்க்குக்கான வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். புதிதாகப் பழகுவோர் பயிற்சி முடிந்ததும் விஎம்மை அழிப்பதோடு நின்றுவிடாமல், கூடுதலாக இணைத்த டிஸ்க், ஸ்னாப்ஷாட், ஒதுக்கிவைத்த பொது ஐபி ஆகியவை கணக்கில் மிச்சமிருக்கின்றனவா என்று பார்த்து அவற்றையும் நீக்கிவிட வேண்டும்.