கத்தி வைத்தால் துளிர்க்கும் கொடி

சத்தியமங்கலம் தள்ளுவண்டிகளில் குவிந்து கிடக்கும் பன்னீர் திராட்சைக்கு இத்தாலியில் சொந்தபந்தம் உண்டு. கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர் அடிவாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் விளையும் இந்த ரகத்தின் ஏட்டுப்பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கண்ணாடி வீட்டில் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய ரகம் இது. அதன் பெற்றோர் ஸ்கியாவா க்ரோஸாவும் அலெக்சாண்டிரியா மஸ்கட்டும் என்று மரபணுச் சோதனை உறுதி செய்திருக்கிறது.

அலெக்சாண்டிரியா மஸ்கட்டை சிசிலிக்குத் தென்மேற்கே பான்டெல்லேரியா என்ற எரிமலைத் தீவில் காணலாம். காற்று ஓயாத தீவு. அதனால் குழி வெட்டி அதற்குள் செடியை வைத்துக் குட்டைப் புதராக வளர்க்கிறார்கள். பழத்தை வெயிலில் காயவைத்து இனிப்பான வைன் எடுக்கிறார்கள். அந்தக் குழி வேளாண்மையை யுனெஸ்கோ 2014இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பன்னீருக்கு வாசம் வந்தது இந்த மஸ்கட் வழியில்தான். லினலூல், ஜெரானியால் என்ற இரண்டு எண்ணெய்ப் பொருள்கள் மஸ்கட் குடும்பத்துப் பழங்களின் தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் இருக்கின்றன. ஜெரானியால் ரோஜாவில் இருப்பது. லினலூலைத் தேடி நாம் எங்கும் போகவேண்டாம். விடியற்காலையில் சத்தி பூ மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் மல்லிகை மூட்டைகளிலிருந்து வரும் மணத்தில் அதுவும் சேர்ந்தே இருக்கிறது.

ஸ்கியாவாவின் ஊர் ஆல்ப்ஸ் மலையடிவாரம். இத்தாலியின் வடகோடியில், ஆஸ்திரியாவை ஒட்டிய ஆல்டோ அடிஜே. அடிஜே ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, சரிவெங்கும் படிக்கட்டு வயல்கள். மலை சூழ்ந்த ஊர் என்றால் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் நடுவில் இருக்கும் போல்சானோ நகரம் கோடையில் இத்தாலியின் மிகச் சூடான ஊர்களில் ஒன்று. பகலில் கொதிக்கும், இரவில் மலைக்காற்று இறங்கிக் குளிரும். அங்கே ஸ்கியாவாவைப் பந்தலில்தான் ஏற்றினார்கள். மரக்கால் நட்டு, சரிவுக்கேற்பச் சாய்த்துக் கட்டிய பந்தல். புடலையும் பாகலும் பந்தலில் தொங்கிப் பார்த்த நம் விவசாயிக்கு அந்தத் தோட்டம் அந்நியமாகத் தெரியாது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் கல்கால் நட்டுக் கம்பி இழுத்து, ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் பந்தல் போடுகிறார்கள். மேலே இலை கூரையாக மூடும். கொத்துகள் நிழலில் தொங்கும். வெயில் சுடாது, கைக்கும் எட்டும்.

வேற்றுமை கொடியின் தூக்கத்தில் இருக்கிறது. ஆல்டோ அடிஜேயில் குளிர்காலம் வந்ததும் இலை உதிர்ந்து கொடி உறங்கும். வசந்தத்தில் தானாக விழிக்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. கொங்கு நாட்டில் அதை உறங்கவைக்கும் அளவுக்குக் குளிர் இல்லை. சும்மா விட்டால் நுனி மட்டும் நீண்டுகொண்டே போகும், கீழ்மொட்டுகள் கண் திறக்காது, காயும் பிடிக்காது. ஆகவே கவாத்து.

பழுப்பேறி முற்றிய, பென்சில் பருமன் உள்ள குச்சியாகப் பார்த்து, சுமார் நாலு மொட்டு விட்டு வெட்டுவார்கள். இலைகளையும் உருவிவிடுவார்கள். தோட்டம் மொட்டையாகிவிடும். நிலத்தில் ஈரம் இருந்தால் வெட்டுவாயிலிருந்து தண்ணீர் சொட்டும். நுனி போனதும் அடிமொட்டுகள் ஓரிரு வாரத்தில் புடைத்து வெடிக்கும். நாலைந்து இலை விரிவதற்குள், இலைக்கு எதிர்ப்பக்கம் கடுகைவிடச் சிறிய பச்சை மணிகளாய்ப் பூங்கொத்து தெரியும். அது புதிதாக உருவானதல்ல. முந்தைய பருவத்திலேயே மொட்டுக்குள் கருவாகிவிட்டது. கவாத்திலிருந்து ஏறத்தாழ நாலு மாதத்தில் பழம். டிசம்பர்-ஜனவரியில் ஒரு கவாத்து, மே-ஜூனில் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு வெள்ளாமை. கம்பத்தில் இரண்டு ஆண்டில் ஐந்துகூட எடுக்கிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மகாராஷ்டிரத் தோட்டங்களில் மொட்டுகள் ஒரே சீராக விழிக்க ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தை வெட்டிய குச்சியில் தடவுகிறார்கள். அதைக் கையாண்டவர் அந்தச் சமயத்தில் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்துப் படுத்துவிடுவார். இதே குடும்பத்துச் சயனமைடைச் சில நாடுகளில் குடியை நிறுத்துவதற்கான மருந்தாகவே கொடுக்கிறார்கள். வைன் தரும் கொடியை எழுப்பும் மருந்துக்கு இப்படி ஒரு குணம்!

பந்தலுக்கு எதிரி மழை. மழை ஈரத்தில் பரவும் அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, நூறு லிட்டர் தண்ணீர் என்று கலந்து அடிக்கும் போர்டோக் கலவை பிரான்சிலிருந்து வந்தது. போர்டோ பகுதியில் வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் இதைத் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்த மில்லார்டே என்ற தாவரவியலாளர் 1885இல் கலவையை உலகுக்கு அறிவித்தார். அறுவடை நேரத்து மழைக்கு மட்டும் மருந்து இல்லை. முற்றிய பழம் தண்ணீர் குடித்து வெடித்துவிடும்.

இந்தப் பழத்தில் வைன் போடலாமா? போடலாம், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஜாடியில் ஊறவைப்பவர்கள் இருக்கிறார்கள். பழச்சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக்குகிறது. ஆனால் மேசைக்கென்று வளர்த்த பழத்தில் வைனுக்கு வேண்டிய சர்க்கரை பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் ஜாடியில் சீனி கொட்டுகிறார்கள். இன்னொரு குறை புளிப்பு. இரவு சூடாக இருந்தால் பழம் மூச்சுவிடும்போது தன் மாலிக் அமிலத்தை எரித்துவிடும். ஆல்டோ அடிஜேயின் குளிர்ந்த இரவு அந்தப் புளிப்பைக் காக்கிறது. நம் அடிவாரத்தில் மார்கழி இரவு கொஞ்சம் கைகொடுக்கும். சித்திரை இரவு கொடுக்காது. என் எண்ணத்தில் பன்னீர், கொத்தோடு கையில் பிடித்துத் தின்னும் பழம்தான். விதையைத் துப்பச் சலிப்பவர்கள் விதையில்லாததை வாங்கிக்கொள்ளட்டும்.

ஸ்கியாவாவுக்கும் அதன் சொந்த ஊரில் இப்போது பெரிய கிராக்கி இல்லை. ஒரு காலத்தில் ஆல்டோ அடிஜேயின் பெரும்பகுதியை ஆண்ட கொடி அது. அதன் வெளிர்சிவப்பான லேசான வைனுக்கு விலை இறங்கியதும் பலர் பந்தலைப் பிரித்து, நேர்க்கம்பி இழுத்து, வெள்ளைத் திராட்சைக்கு மாறிவிட்டார்கள். தொண்டாமுத்தூரிலும் கல்கால்களைப் பிடுங்கியவர்கள் உண்டு. ஆள்கூலியும் மழையும் கணக்குப் பார்த்து அவர்கள் வைத்தது பாக்கு.