பத்து ஆண்டறிக்கையும் ஒரு கோடும்

கம்பெனிகளின் ஆண்டறிக்கை என்பது, பங்குதாரர்களில் பெரும்பாலோர் தலைவரின் புகைப்படத்தையும் டிவிடெண்ட் தொகையையும் பார்த்துவிட்டு மூடிவைக்கிற புஸ்தகம். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பெரிய கம்பெனிகளில் முந்நூறு பக்கங்களைச் சுலபமாகத் தாண்டிவிடுகிற அந்த அறிக்கையின் லாப நஷ்டக் கணக்கிலும் ஐந்தொகையிலும் இந்த வருஷத்துத் தொகையும், அதன் பக்கத்தில் சென்ற வருஷத்துத் தொகையும் மாத்திரமே அச்சிடப்படுவதால், ஒரு ஸ்தாபனம் பத்தாண்டுகளில் வளர்ந்ததா, தேய்ந்ததா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று அறிய விரும்புகிறவர் பல புஸ்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

தொகைகளின் வரிசையைக் கோடாக இழுத்துப் பார்க்கலாம் என்ற யோசனையை உலகுக்குப் பரப்பியது வர்த்தகக் கணக்குதான். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786-இல் லண்டனில் வெளியிட்ட நூலில், இங்கிலாந்து பிற தேசங்களோடு நடத்திய ஏற்றுமதி இறக்குமதிகளை ஆண்டுவாரியாக இரு கோடுகளில் வரைந்து, அவற்றுக்கு இடையிலுள்ள பரப்பே வியாபாரம் சாதகமா பாதகமா என்று சொல்லிவிடும்படி செய்தார். ஸ்காட்லாந்தின் வர்த்தகத்துக்கு மட்டும் ஒரே ஒரு வருஷத்துக் கணக்குத்தான் அவருக்குக் கிடைத்தது. கோடு இழுக்க வழியில்லாமையால், தேசத்துக்குத் தேசம் பட்டைகளாக வரைந்து வைத்தார். இன்று எந்தக் காரியாலயத்திலும் காணப்படும் பட்டை வரைபடத்தின் பூர்வீகம் இதுதான். காலம் என்பதே அதில் இல்லையே என்று அவரே அதைக் குறைவாகத்தான் மதித்தார்.

சாதனங்களுக்கு இப்போது பஞ்சமில்லை. சந்தையில் பதிவான கம்பெனிகள் காலாண்டுக் கணக்கை 45 நாட்களுக்குள்ளும் ஆண்டுக் கணக்கை 60 நாட்களுக்குள்ளும் வெளியிட்டாக வேண்டும் என்பது செபியின் விதி. அவை மும்பைப் பங்குச் சந்தையின் தளத்திலும் தேசியப் பங்குச் சந்தையின் தளத்திலும் எவரும் காசின்றிப் படிக்கும்படி கிடைக்கின்றன. 2010-11 கணக்காண்டு முதல், வங்கி, இன்ஷூரன்ஸ் போன்ற சில துறைகள் நீங்கலாக, பெரிய கம்பெனிகள் தங்கள் கணக்கை எக்ஸ்பிஆர்எல் என்னும் முறையில், அதாவது ஒவ்வொரு தொகைக்கும் இது விற்பனை, இது தேய்மானம் என்று இயந்திரம் படிக்கத்தக்க அடையாளமொன்றைக் கட்டி, அரசாங்கத்திடம் தாக்கல் செய்ய வேண்டுமென்றும் ஏற்பட்டது. ஸ்கிரீனர் போன்ற தளங்களில் கம்பெனியின் பெயரைத் தட்டினால் பத்தாண்டு அளவிலான கணக்கு ஒரே பக்கத்தில் வந்து நிற்கிறது. அதை எக்செலில் இறக்கிக்கொண்டால் நினைத்த வரைபடத்தை ஒரு நிமிஷத்தில் போட்டுவிடலாம்.

ஆனால், ஒரு வருஷத்துத் தொகையும் அடுத்த வருஷத்துத் தொகையும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவைதானா என்று எந்தத் தளமும் நம்மிடம் வலிய வந்து சொல்வதில்லை. 2017 ஜூலை முதல் தேதி ஜிஎஸ்டி அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு கலால் வரி விற்பனைத் தொகைக்குள்ளேயே அடங்கியிருந்தது. ஜிஎஸ்டியோ அதில் சேருவதில்லை. ஆகவே ஒரு சோப்புக் கட்டிகூடக் குறையாமல் விற்ற கம்பெனியின் விற்பனைக் கோடும் அந்த இடத்தில் சரிந்து தோன்றலாம். 2019 ஏப்ரலில் குத்தகைக்கான கணக்கு விதி மாறியபோது விபரீதம் எதிர்த் திசையில் நடந்தது. ஊர் ஊராகக் கடைகளை வாடகைக்கு எடுத்து நடத்துகிற கம்பெனியின் வாடகைச் செலவில் பெரும்பகுதி தேய்மானமாகவும் வட்டியாகவும் உருமாறிவிட்டபடியால், தேய்மானத்துக்கும் வட்டிக்கும் முந்திய லாபம் திடீரென்று துள்ளி எழுந்தது. கூடவே, வருங்கால வாடகையெல்லாம் பொறுப்பாக ஏறி, கடன் பக்கமும் பருத்தது. கடையில் கூடுதலாக ஒரு வேட்டி விற்றிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்த வருஷத்தில், பழைய ஆண்டுகளைத் திருத்தாவிட்டால், பங்கொன்றுக்கான வருமானம் பாதியாகத் தோன்றுவதும் இவ்வகையே. இவற்றுக்கெல்லாம் விளக்கம், சின்ன எழுத்தில் பின்பக்கங்களில் அச்சாகும் குறிப்புகளில்தான் இருக்கிறது. ஆண்டறிக்கையின் உயிர்நாடி அங்கேதான் என்பது என் அபிப்பிராயம். தலைவரின் உரையைப் பிறகு சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம்.

எந்தக் கோட்டை எந்தக் கோட்டோடு சேர்த்துப் பார்ப்பது என்பது அடுத்த விஷயம். ஒரு கம்பெனியின் விற்பனை ஐந்தாண்டுகளில் 100 கோடி ரூபாயிலிருந்து 150 கோடியாகிறது என்றும், வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி அதே காலத்தில் 20 கோடியிலிருந்து 60 கோடியாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். விற்பனையை மட்டும் வரைந்தவர் மகிழ்ச்சியோடு பங்கு வாங்கக் கிளம்பிவிடுவார். பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கிப் பார்த்தவருக்கோ, முன்பு 73 நாளில் வசூலாகி வந்த பணம் இப்போது 146 நாள் வெளியே நிற்கிறதென்று தெரியும். சரக்கைக் கடனுக்குத் தள்ளி விற்பனையைப் பெருக்கிக் காட்டுகிறார்களோ என்ற சந்தேகமும் எழும். லாபத்தையும் தொழிலிலிருந்து கைக்கு வந்த ரொக்கத்தையும் இணைத்து வரைவதும் இதே காரணத்துக்காகத்தான். பல வருஷங்கள் தொடர்ந்து லாபம் ஏற, ரொக்கம் அதைப் பின்தொடராமல் இருந்தால், காரணம் தெரியும் வரையில் பையை அவிழ்க்காமலிருப்பது உத்தமம்.

வரைபடத்தின் இடப்பக்க அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும். 95-இல் தொடங்கினால் 96-இலிருந்து 99-க்கு ஏறியது மலையேற்றமாகத் தெரியும்.

இத்தனை ஜாக்கிரதைக்கும் அகப்படாத சங்கதியும் உண்டு. ஹைதராபாத்தின் சத்யம் கம்பெனி 2008 செப்டம்பர் காலாண்டுக்கு 2,700 கோடி ரூபாய் வருமானமும், அதில் நூற்றுக்கு 24 விகிதமாக 649 கோடி ரூபாய் தொழில் லாபமும் காட்டியிருந்தது. 2009 ஜனவரி 7-ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், உண்மையான வருமானம் 2,112 கோடி, லாபம் 61 கோடி, அதாவது நூற்றுக்கு 3 விகிதமே என்றும், ஏட்டில் கண்ட 5,361 கோடி ரூபாய் ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி இல்லவே இல்லையென்றும் ஒப்புக்கொண்டார். அன்றைக்கு முன்தினம் வரையில் அக்கம்பெனியின் கணக்கை எவர் வரைந்திருந்தாலும் கோடு அழகாக ஏறித்தான் இருக்கும். பொய்த் தொகைக்கும் மெய்த் தொகைக்கும் வரைபடத்தில் வித்தியாசம் கிடையாது. ஆயினும், இவ்வளவு ரொக்கத்தை வருஷா வருஷம் சும்மா குவித்து வைப்பானேன் என்ற ஒரு கேள்வியை அது கேட்கத் தூண்டியிருக்கும்.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தையிலுள்ள ஆயிரம் கம்பெனிகளுக்கும் தளங்கள் தருகிற கோடுகளே போதும். சொந்தப் பணம் போட்டிருக்கிற இரண்டொரு கம்பெனிகளுக்கு மாத்திரம் பத்தாண்டு அறிக்கைகளை இறக்கிக்கொண்டு, விற்பனை, லாபம், தொழிலில் வந்த ரொக்கம், வரவேண்டிய பாக்கி, கடன் ஆகிய ஐந்தையும் உங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி, கோடு எங்கே ஒடிகிறதோ அந்த வருஷத்துக் குறிப்புகளைத் திறந்து படியுங்கள்.