ரேம் விலை உயர்வு: குறைந்த செலவில் கேமிங் கணினி அமைப்போர் கவனிக்க வேண்டியவை என்ன?

சான்பாடா (நவி மும்பை): உதிரி பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டிலேயே கேமிங் கணினியை அமைத்துக்கொள்ள விரும்பும் இளைஞர்களின் கணக்கை ரேம் நினைவகத்தின் விலை உயர்வு மாற்றியுள்ளது. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய இந்த உயர்வு, குறைந்த தொகையில் திட்டமிடுவோரையே அதிகம் பாதிக்கிறது.

உலகின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய 3 நிறுவனங்களே தயாரிக்கின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான உயர்வேக நினைவகத்துக்கு இவை முன்னுரிமை அளிப்பதால், வீட்டுக் கணினிக்கான ரேம் வரத்து குறைந்துள்ளது. இதன் தொடர்ச்சியாக, நுகர்வோருக்கான 'குரூஷியல்' வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பர் 3 அன்று அறிவித்தது. ஏற்கெனவே விற்கப்பட்ட பொருள்களுக்கு உத்தரவாத சேவை தொடரும் என்றும் அந்நிறுவனம் தெரிவித்தது.

சான்பாடாவில் வசிப்பவர்கள் உதிரி பாகங்களை நேரில் ஒப்பிட்டு வாங்க நாடும் இடம், தெற்கு மும்பையின் லாமிங்டன் சாலை. டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது இதன் அதிகாரபூர்வப் பெயர். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, மும்பைக்கு இச்சாலை அப்படி. ஹார்பர் வழித்தட ரயிலில் ஏறி, குர்லாவிலும் தாதரிலும் மாறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்க வேண்டும். பொருந்தாத ஒரு பாகத்தை வாங்கிவிட்டால் இதே பயணத்தை மீண்டும் மேற்கொள்ள நேரிடும் என்பதால், பட்டியலை வீட்டிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

ரேமிலிருந்து தொடங்கும் கணக்கு

முதலில் பிராசசரைத் தேர்ந்தெடுத்து, ரேமைக் கடைசியாக வாங்குவதே இதுவரை வழக்கமாக இருந்தது. தற்போதைய சூழலில் இந்த வரிசையை மாற்றுவது பயன் தரும். வீட்டில் உள்ள பழைய மேசைக் கணினியில் டிடிஆர்4 ரேம் இருந்தால், அதைப் பயன்படுத்தக்கூடிய மதர்போர்டைத் தேர்ந்தெடுத்துக் கணிசமான தொகையை மிச்சப்படுத்தலாம்.

ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வகை மதர்போர்டுகள் டிடிஆர்4 ரேமை ஏற்கும். 2022-இல் வெளியான ஏஎம்5 வகை, டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். இன்டெல் 12-ஆம் தலைமுறைப் பிராசசர்களுக்கான மதர்போர்டுகள் இரு வகைகளிலும் கிடைக்கின்றன. எனவே பெட்டியின் மீது அச்சிடப்பட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு வகை ரேமை மற்றொரு வகைக்கான பொருத்துவாயில் செருக இயலாது. மடிக்கணினியின் சிறிய ரேமும் மேசைக் கணினிக்குப் பொருந்தாது.

16 ஜிபி தேவையெனில் ஒரே பட்டையாக வாங்குவதைவிட, 8 ஜிபி பட்டைகள் இரண்டாக வாங்குவது வேகத்தைக் கூட்டும். பொருத்திய பின் பயாஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி வசதியை இயக்கவில்லை என்றால், ரேம் அதன் முழு வேகத்தில் இயங்காமல் போகக்கூடும்.

கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும்

விளையாட்டின் தரத்தை அதிகம் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டு. மொத்தத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று கூடுதலாக இதற்கு ஒதுக்கலாம். 1080பி திரையில் விளையாடுவோருக்கு, 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டுகள் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதுமானவை. 2024 டிசம்பரில் வெளியான இன்டெல் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி நினைவகம் உள்ளது. எனினும், 'ரீசைசபிள் பார்' என்ற வசதி இல்லாத பழைய மதர்போர்டில் அதன் திறன் வெகுவாகக் குறையும்.

தற்போதைக்குக் கார்டு வாங்க இயலாதவர்கள், ரைசன் 5 5600ஜி போன்று உள்ளமைந்த கிராபிக்ஸ் கொண்ட பிராசசருடன் தொடங்கி, கார்டைப் பின்னர் சேர்க்கலாம். பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து உள்ள இன்டெல் பிராசசர்களிலும், ரைசன் 5 5600-இலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லையென்றால் இவற்றில் திரையில் எதுவும் தோன்றாது.

பயன்படுத்திய பாகங்களை வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி தேவை. பிராசசர் இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசைக்கு முந்தையதாக இருந்தால் பொதுவாக அதிகாரபூர்வ ஆதரவு கிடைக்காது. வேலரன்ட் விளையாட்டும் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டும் இயங்கினால்தான் திறக்கும்.

எஸ்எம்பிஎஸ்: சிக்கனம் பார்க்கக் கூடாத பாகம்

கேபினட்டுடன் சேர்த்துத் தரப்படும் மலிவான எஸ்எம்பிஎஸ்-ஐ நம்புவது, குறைந்த செலவில் அமைப்போர் செய்யும் பொதுவான தவறு. இதில் பழுது ஏற்பட்டால், மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தே பாதிக்க வாய்ப்புண்டு.

தேவையான திறனை எளிதில் கணக்கிடலாம். ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட், உச்ச நிலையில் ரைசன் 5 5600-க்கு 90 வாட்டுக்குச் சற்றுக் குறைவு, மற்ற பாகங்களுக்கு ஏறத்தாழ 50 வாட் எனக் கொண்டால் மொத்தம் 270 வாட் அளவில் வரும். திடீர் உயர்வுகளையும் எதிர்கால மேம்பாட்டையும் கருதினால் 500 முதல் 550 வாட் வரை போதுமானது. '80 பிளஸ்' என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை மட்டுமே குறிக்கிறது. பாதுகாப்புக்கான முழுச் சான்று அன்று. ஆகவே, முத்திரையுடன் உத்தரவாத ஆண்டுகளையும் ஒப்பிடுவது அவசியம்.

தானே கடற்கழியை ஒட்டிய சான்பாடா போன்ற பகுதிகளில், மழைக்காலத்தின் ஈரப்பதமும் ஆண்டு முழுவதும் படியும் தூசியும் கணினிக்குப் பகையாகும். வண்ண விளக்குகள் கொண்ட கேபினட்டைவிட, காற்றோட்டமும் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ள கேபினட்டே நீண்ட காலம் பயன் தரும்.

ரசீது ஏன் முக்கியம்?

கணினி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு இருந்த 28 சதவீத வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரியின்றி 10,000 ரூபாய் எனக் கூறப்படும் பொருள், ரசீதுடன் 11,800 ரூபாயாகும். இந்த 1,800 ரூபாயை மிச்சப்படுத்த ரசீதைத் தவிர்த்தால், வாங்கியதற்கான சான்று இல்லாமல் போய் உத்தரவாதத்தைக் கோருவது கடினமாகும். ரசீதில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் குறிக்கப்பட்டுள்ளதா என்பதைக் கடையிலேயே சரிபார்க்க வேண்டும்.

பயன்படுத்திய கிராபிக்ஸ் கார்டுகளில் சில, கிரிப்டோ நாணய அகழ்வில் இரவு பகலாக இயங்கியவையாக இருக்கலாம். எதீரியம் நாணயம் 2022 செப்டம்பரில் அம்முறையைக் கைவிட்ட பின், அத்தகைய கார்டுகள் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. விசிறியின் ஓசை, வெப்பநிலை ஆகியவற்றைக் குறைந்தது அரை மணி நேரமாவது இயக்கிப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

புதிய பாகங்களையும், இயன்றால் கடையிலேயே இணைத்து, திரையில் பயாஸ் தோன்றுவதைக் கண்ட பின் எடுத்துச் செல்வது நலம். குறைபாடுள்ள பொருளை மாற்றித் தர விற்பனையாளர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐத் தொடர்புகொண்டு புகார் அளிக்கலாம். அதற்கும் ரசீதே முதல் ஆதாரம்.