மூச்சுக்கும் இருப்புக் கணக்கு உண்டு



மிளகாய் வற்றல் மண்டியில் நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். நெடியும் தூசியும் தொழிலோடு வந்தவை. பீடி நானே தேடிக்கொண்டது. சென்ற ஆண்டு நெஞ்சக டாக்டர் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார். "எனக்கு ஒன்றும் சிரமமில்லையே" என்றேன். "மாடிக் குடோனுக்குக் கடைசியாக எப்போது ஏறினீர்கள்?" என்று கேட்டார். பதில் வரவில்லை. இரண்டு வருடமாகச் சாவியைப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். நடையைக் குறைத்ததால்தான் மூச்சு வாங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஊதும் சோதனை ஏட்டில் உள்ள இருப்பு. குடோனில் மூட்டையை எண்ணுவது வேறு. ஊதுவதில் ஒரே அளவு காட்டும் இருவரில் ஒருவர் சந்தை வரை நடப்பார். மற்றவர் தெருமுனையைத் தாண்டமாட்டார். மூச்சுக்குப் பயந்து உட்கார்ந்தே இருந்தால் கால் தசை இளைத்துப்போவதும் இதற்கு ஒரு காரணம்.

மூட்டையை எண்ணும் வழிதான் ஆறு நிமிட நடை. முதலில் 12 நிமிடமாக இருந்ததை 1982-ல் பிரிட்டன் மருத்துவர்கள் ஆறாகச் சுருக்கிப் பார்த்தார்கள். 30 மீட்டர் சமதள வராந்தாவில் முடிந்த மட்டும் வேகமாகப் போய்ப் போய்த் திரும்ப வேண்டும், ஓடக்கூடாது. நின்று இளைப்பாறலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி மாட்டியிருக்கும். 80-க்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுவார்கள். முதல் தடவை பழக்கமின்மையால் குறையும் என்று அரை மணி கழித்து மறுபடி நடக்கவிட்டு, கூடுதலான அளவையே எழுதுகிறார்கள். (நம் தராசில் இந்தச் சலுகை கிடையாது!)

எனக்கு 310 மீட்டர். 350-க்குக் குறைந்தால் கவனிக்க வேண்டிய நிலை என்றார் டாக்டர். எட்டு வாரம் அவர்கள் சொன்ன நடையும் கால் பயிற்சியும் செய்தபின் 365 வந்தது. 30 மீட்டர் அளவுக்குக் கூடினாலே மெய்யான முன்னேற்றமாம். இப்போது மாடிக்கு நானே ஏறுகிறேன், நடுப்படியில் ஒருமுறை நின்று.

வராந்தா இல்லாத இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்காருகிறோம் என்று எண்ணுகிறார்கள்.

கல்லாவில் இருந்தபடியே உங்களை நீங்களே கேட்கலாம். சமதரையில் உங்கள் வயதுக்காரரோடு நடக்கையில் மூச்சு வாங்கிப் பின்தங்குகிறீர்களா? நூறு மீட்டரில் நிற்கிறீர்களா? வேட்டி கட்டும்போதே இரைக்கிறதா? டாக்டர்கள் 0 முதல் 4 வரை போடும் கணக்கில் இவை முறையே 2, 3, 4. எதற்காவது ஆம் என்றால் நடைச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். தனியாக வீட்டில் செய்ய வேண்டாம். அண்மையில் நெஞ்சுவலி வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வழக்கமான மருந்தை எடுத்துக்கொண்டு, வழுக்காத செருப்போடு போங்கள்.